பத்தாயிரம் மணி நேரம் பறந்தவரும் இங்கே கத்துக்குட்டி

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ரெனோ நகரம். அதற்குச் சற்று வடக்கே, மலைகள் சூழ்ந்த பொட்டல் வெளியில் ஸ்டெட் விமானத்தளம். செப்டம்பர் பிறந்தால் பழைய போர் விமானங்கள் அங்கே பந்தயம் பறப்பதைப் பார்க்க ஏறக்குறைய அறுபது வருடங்களாகக் கூட்டம் அலைமோதியது. ஆனால் பந்தயத்தின் நிஜமான கதை அதற்கு மூன்று மாதம் முன்னாலேயே, ஜூனில், கேலரியில் ஒரு ஈ காக்கை இல்லாத நேரத்தில் தொடங்கிவிடும்.

ஜூனில் அங்கே ஒரு வகுப்பு நடந்துவந்தது. பைலான் ரேசிங் செமினார் என்று பெயர். முதன்முறையாகப் பந்தயத்துக்கு வருகிறவர்கள் இதில் தேறினால்தான் செப்டம்பரில் ஓடுகளத்துக்குப் போகலாம். மாணவர்கள் என்றதும் இளவட்டங்களை நினைக்க வேண்டாம். முந்நூறு பேரை ஏற்றிக்கொண்டு சமுத்திரம் தாண்டும் ஏர்லைன் கேப்டன், போர் விமானம் ஓட்டி ஓய்வு பெற்ற ராணுவக்காரர், வயலுக்கு மருந்து தெளித்தே முடி நரைத்தவர் என்று, வானத்தில் பாதி ஆயுளைக் கழித்தவர்கள்தான் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். பறந்த மணிக்கணக்கைக் கேட்டால் ஐந்து இலக்கத்தில் சொல்பவர்களும் உண்டு. அத்தனை பேரும் இங்கே புதுசு.

காரணம் எளிமையானது. இதுவரை அவர்கள் கற்றதெல்லாம் அடுத்த விமானத்தை விட்டு விலகிப் போவதற்கு. தரையை விட்டு உயரே போவதற்கு. இங்கே அந்த இரண்டையும் தலைகீழாகச் செய்யச் சொல்கிறார்கள்.

பைலான் என்பது ஒரு கம்பம். உச்சியில் பளிச்சென்று வண்ணம் அடித்த பீப்பாய் மாதிரி ஓர் அடையாளம். உயரம் சுமார் 50 அடி. இப்படிப் பல கம்பங்களைப் பாலைவனத்தில் நீள்வட்டமாக நட்டிருப்பார்கள். எல்லாக் கம்பத்துக்கும் வெளிப்பக்கமாகவே, எப்போதும் இடப்பக்கம் திரும்பித் திரும்பிச் சுற்ற வேண்டும். கம்பத்துக்கு உள்பக்கமாகப் புகுந்தால் தண்டனை நேரம் கூடும். புகுந்ததை யார் பார்ப்பது? கம்பத்தடியில் ஆள் நிற்கும். தலைக்கு மேலே ஐந்தாறு விமானம் கர்ஜித்துக்கொண்டு போகும்போது அண்ணாந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்வது ஒரு வேலை. அதற்கும் ஆசைப்பட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

பார்வையாளர் பக்கம் ஒரு கண்ணுக்குத் தெரியாத கோடு உண்டு. கம்பத்தை வெட்டினால் நேரம்தான் போகும். இந்தக் கோட்டைத் தாண்டினால் ஆட்டமே போச்சு.

பெரிய பெயர், சின்ன அனுபவம்

இந்த வகுப்பு ஏன் வேண்டும் என்று கேட்கிறவருக்கு 1949-ஆம் ஆண்டைச் சொன்னால் போதும்.

அன்றைக்குப் பந்தயத்தின் தலைநகரம் ரெனோ அல்ல; ஓஹையோ மாநிலத்தின் கிளீவ்லேண்ட். உலகப்போர் முடிந்து அரசாங்கம் போர் விமானங்களைப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிட்ட நேரம். வாங்கியவர்கள் அவற்றைப் பிரித்து மேய்ந்து பந்தய வண்டிகளாக்கினார்கள். அப்படி உருவான ஒன்றுதான் 'பிகின்' என்று பெயர் வைத்த பி-51 மஸ்டாங். வயிற்றுக்கடியில் இருந்த ரேடியேட்டரைக் கழற்றி, இரண்டு இறக்கை நுனிகளிலும் கூடுகளாகப் பொருத்தியிருந்தார்கள். கரும்பச்சை உடம்பில் இசைக்குறிப்புகள் தீட்டியிருந்தது. அதை வாங்கியவர் அந்தக் காலத்து நட்சத்திரப் பெண் விமானி ஜாக்குலின் காக்ரன். ஓட்டக் கொடுத்தது பில் ஓடமிடம்.

ஓடம் சாதாரண ஆள் இல்லை. 1947-ல் தனியாளாக உலகத்தைச் சுற்றி வந்தவர். 73 மணி நேரம் 5 நிமிடம். 1949 மார்ச்சில் ஒற்றை இன்ஜின் பொனான்ஸாவில் ஹவாயிலிருந்து கிளம்பி, இடையில் எங்கும் இறங்காமல் நியூஜெர்சி வரைக்கும் பறந்தவர். தூக்கத்தை வெல்வதும், காற்றையும் எரிபொருளையும் கணக்குப் போட்டு மிச்சம் பிடிப்பதும் அவருக்குக் கைவந்த கலை. நீண்ட தூரத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் கம்பத்தைச் சுற்றும் பந்தயம் அவருக்குப் புதிது. அந்த வார இறுதியில் நடந்த முதல் பந்தயத்தில் ஜெயித்தும் விட்டார். ஆபத்தான வெற்றி என்று இப்போது சொல்லத் தோன்றுகிறது. மஸ்டாங்கின் வேகம் மட்டுமே போதுமானதாக இருந்த ஜெயிப்பு அது.

செப்டம்பர் 5, தாம்சன் கோப்பை. இரண்டாவது சுற்றிலேயே ஒரு கம்பத்தருகே திருப்பம் பிசகியது. சரிசெய்யப் போன விமானம் முதுகு காட்டிக் கவிழ்ந்து, பெரியா என்ற புறநகர்ப் பகுதியில் ஒரு வீட்டுக்குள் பாய்ந்தது. ஓடம் இறந்தார். அந்த வீட்டிலிருந்த இளம் தாயும் அவருடைய கைக்குழந்தையும் இறந்தார்கள். கிளீவ்லேண்டில் போர் விமானப் பந்தயம் அத்தோடு முடிந்தது. அடுத்த வருடம் கொரியப் போர் வேறு வந்துவிட்டது. பெரிய இன்ஜின் விமானங்கள் மறுபடி கம்பத்தைச் சுற்றப் பதினைந்து வருடம் ஆனது.

ஓடத்தைப் பொறுப்பற்றவர் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் ஒரு துறையின் உச்சியில் இருந்தபடியே இன்னொரு துறைக்குள் நுழைந்தார். இது வேறு துறை என்பதை அவருக்குச் சொல்ல அன்று ஆள் இல்லை. உலகத்தைச் சுற்றியவரிடம் போய், 'உனக்குத் திரும்பத் தெரியாது' என்று யார் சொல்வது? ஜூன் மாத வகுப்பில் ஏர்லைன் கேப்டனிடம் அதைத்தான் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள்.

மண் ஓடுதளத்தில் மறுபிறப்பு

பந்தயத்தை மீண்டும் உயிர்ப்பித்தவர் பில் ஸ்டெட். நெவாடாவின் பண்ணையார், அதிவேகப் படகுப் பந்தயக்காரர். 1964-ல் மாநிலத்தின் நூற்றாண்டு விழா வந்தது. அதைச் சாக்கிட்டு, ரெனோவுக்கு அருகே ஸ்கை ராஞ்ச் என்ற இடத்தில், புழுதி பறக்கும் மண் ஓடுதளத்தில் பந்தயம் வைத்தார்.

முதல் வருடம் என்பதால் ஒரு வகையில் எல்லோருமே புதுமுகங்கள்தான். வென்றவர் கதை சினிமாவைத் தூக்கிச் சாப்பிடும். மீரா ஸ்லோவாக், செக்கோஸ்லோவாக்கியாவின் பயணிகள் விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்தவர். 1953-ல், தான் ஓட்டிய விமானத்தைத் தானே கடத்தி, ரேடாருக்குத் தப்பத் தாழப் பறந்து மேற்கு ஜெர்மனியில் இறக்கினார். பிறகு அமெரிக்காவில் ஸ்டெட்டைப் போலவே படகுப் பந்தயம், கூடவே விமான வேலை. 1964 இறுதிச் சுற்றில் அவருக்கு முன்னால் கோட்டைத் தாண்டியவர் வேறொருவர். மொத்தப் புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தபோது ஸ்லோவாக் முந்தியிருந்தார். கோப்பை அவருக்கே.

அதே வருடம் டாரில் கிரீனமையர் என்ற லாக்ஹீட் நிறுவன விமானியும் வந்தார். அந்தப் புழுதியில் தன் பேர்கேட் விமானத்தை இறக்க மாட்டேன் என்று வேறு ரன்வேக்குப் போனார். தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள். மறு வருடத்திலிருந்து தொடர்ந்து ஐந்து முறை கோப்பையை அள்ளிக்கொண்டு போய் அதற்குப் பதில் சொன்னார். முதல் வருடத்தில் விதியோடு மல்லுக்கட்டியவர் எல்லோருக்கும் அப்படி இரண்டாவது கதை அமைவதில்லை என்பது வேறு விஷயம்.

1966-ல் பந்தயம் ஸ்டெட் தளத்துக்கு மாறியது. அந்தப் பெயர் பில் ஸ்டெட்டுடையது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அவருடைய சகோதரர் கிராஸ்டனுடையது அது. 1949-ல் நெவாடா வான் தேசியக் காவல் படையில் மஸ்டாங் ஓட்டும்போது இறந்தவர் கிராஸ்டன். பில் ஸ்டெட்டும் அதே 1966-ல், ஃபுளோரிடாவில், ஒரு சின்னஞ்சிறு பந்தய விமானத்தில் உயிர்விட்டார். தன் பந்தயம் அந்தத் தளத்தில் வேரூன்றியதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

பழைய வாத்தியார் வண்டி

புதிதாக வருகிறவர் எடுத்த எடுப்பில் மஸ்டாங்கில் ஏறிவிடுவதில்லை. மூவாயிரம் குதிரைசக்திக்கு மேல் முறுக்கேற்றிய, மணிக்கு எண்ணூறு கிலோமீட்டர் தொடும் அந்த 'அன்லிமிடெட்' பிரிவு, பணமும் ஆள்பலமும் உள்ளவர்களுடைய களம். இரட்டை இறக்கை விமானங்களுக்கு ஒரு பிரிவு, நூறு குதிரைசக்தி இன்ஜின் வைத்த ஒற்றை ஆள் குட்டி விமானங்களுக்கு ஒரு பிரிவு, ஜெட்டுக்கு ஒன்று என்று வேறு வழிகளும் உண்டு. பழைய விமானத்தின் மேல் கிறுக்குப் பிடித்தவர்கள் பெரும்பாலும் வந்து சேர்வது டி-6 பிரிவில்.

டி-6 டெக்ஸன். பிரிட்டிஷ் பெயர் ஹார்வர்டு. போருக்காக ஆயிரக்கணக்கான இளைஞர்களை விமானியாக்கிய பயிற்சி விமானம். பதினைந்தாயிரத்துக்கு மேல் செய்தார்கள். இந்திய விமானப்படையிடமும் இருந்தது. தாம்பரத்தில் பயிற்றுநர்களுக்கே பயிற்சி கொடுத்த பள்ளியில் இதன் உறுமல் ஒரு காலத்தில் பழக்கமான சத்தம். 'டோரா! டோரா! டோரா!' படத்தில் ஜப்பானிய ஜீரோ விமானங்கள் கூட்டமாக வருமே, அவற்றில் பல, வேஷம் கட்டிய டி-6-கள்தான். ஒன்பது சிலிண்டர் நட்சத்திர வடிவ இன்ஜின், 600 குதிரைசக்தி. ப்ரொபெல்லரின் நுனி முழுவேகத்தில் ஒலியின் வேகத்தையே எட்டிவிடுவதால் காற்றைக் கிழிக்கிற மாதிரி ஒரு ராவல் சத்தம் வரும். ஒரு முறை கேட்டவர் மறக்க மாட்டார்.

இந்தப் பிரிவில் இன்ஜினைத் தோண்டித் துருவி மாற்ற முடியாது. எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே வண்டி. செய்யக்கூடியதெல்லாம் சில்லறை வேலை: இடுக்குகளை டேப் ஒட்டி அடைப்பது, இறக்கையை மெழுகு போட்டுப் பளபளக்கத் தேய்ப்பது, சுக்கான் பலகைகள் நூல் பிசகாமல் நிற்கும்படி திருத்துவது. கம்பெனி சொன்ன உச்சவேகம் மணிக்கு சுமார் 335 கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து ஐயாயிரம் அடி உயரத்தில் இருக்கிற ஸ்டெட்டின் லேசான காற்றில், இன்ஜினைப் பிழிந்து, நல்ல டி-6 ஒன்று 370-ஐத் தாண்டியதுண்டு. வண்டிகளுக்குள் வித்தியாசம் இவ்வளவு குறைவாக இருந்தால் கூட்டம் நெருக்கியடிக்கும். புதுமுகத்துக்கு டி-6 சாதுவான விமானம். டி-6 பந்தயம் சாதுவானதல்ல.

கொஞ்சம் கணக்குப் போடலாம். 370 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு நூறு மீட்டர். கம்ப உயரத்தில் பறந்தால், 50 அடி என்பது 15 மீட்டர். டி-6-ன் இறக்கை நுனிக்கு நுனி 42 அடி. எழுபது டிகிரி சாய்த்துத் திருப்பும்போது தாழ்ந்த இறக்கையின் நுனி விமானியை விட ஆறு மீட்டர் கீழே இருக்கும். அதாவது நுனிக்கும் புதருக்கும் நடுவே மிச்சம் ஒன்பது மீட்டர். அதே நேரம் உடம்பு மும்மடங்கு கனக்கிறது. எண்பது கிலோ ஆள் இருநூற்று நாற்பது கிலோவாக இருக்கையில் அமுங்குகிறார். ஹெல்மெட் போட்ட தலையைத் திருப்புவதே கழுத்துக்குப் பாரம். ஆனால் திருப்பியே ஆக வேண்டும், ஏனென்றால் முன்னால் போகிறவரைக் கண் விலகாமல் பார்க்க வேண்டும்.

சொல்லிக்கொடுப்பது என்ன?

வேகம் இல்லை. வகுப்பில் வேகத்தைப் பற்றிக் கடைசியில்தான் பேச்சு வரும். முதலில் கூட்டாகப் பறப்பது: பக்கத்து விமானத்தின் இறக்கையை ஒட்டி, அசையாமல், நெடுநேரம். அடுத்து விமானத்தை முழுசாக உருட்டிக் காட்டச் சொல்கிறார்கள். பார்க்க வித்தை மாதிரி இருந்தாலும் காரணம் வேறு. ஒவ்வொரு விமானமும் இறக்கை நுனிகளிலிருந்து சுழல்காற்றை உதிர்த்துக்கொண்டே போகும். அது மெதுவாகக் கீழே இறங்கும். பின்னால் தாழ்வாக வருகிறவர் அதில் மாட்டினால் விமானம் தானாகவே கவிழும். தலைகீழாகும் அந்தக் கணத்தில் சராசரி ஆள் கட்டுப்பாட்டுக் குச்சியைத் தன் பக்கம் இழுப்பார். இழுத்தால் நேராக மண். இழுக்காமல், பதறாமல், உருண்ட திசையிலோ எதிர்த்திசையிலோ உருட்டி நிமிர்த்தக் கை தானாகப் பழகியிருக்க வேண்டும். ஏர்லைன் கேப்டன் அந்தப் பழக்கத்தைத் தொட்டே பல வருடம் ஆகியிருக்கும்.

முந்துவதற்கு ஒரே ஒரு பெரிய விதி: முந்துகிறவருக்கே முழுப் பொறுப்பு. முன்னால் இருப்பவர் கண்ணைவிட்டு மறைந்தால் முந்தக் கூடாது. நம்மூர் நெடுஞ்சாலையில் ஹாரன் அடித்துக்கொண்டே நுழைகிற பஸ் டிரைவருக்கு நேர் எதிரான தர்மம் இது. முன்னால் போகிறவருக்கும் கடமை உண்டு: தன் கோட்டிலேயே போக வேண்டும். பின்னால் ஒருவர் நெருங்குகிறார் என்று தெரிந்து ஏறவோ விலகவோ கூடாது. வழிவிடுவதாக நினைத்துச் செய்கிற மரியாதையும் இங்கே ஆபத்துதான்.

பயிற்றுநர்கள் ஒரு புதுமுகத்தைத் தேர்ச்சி பெற்றவர் என்று ஒப்புக்கொள்ளும்போது அவர்கள் பார்ப்பது இதைத்தான் என்று நினைக்கிறேன். அடுத்த நொடி இந்த ஆள் எங்கே இருப்பார் என்பது பக்கத்தில் பறக்கிறவருக்குச் சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும். திடீர்த் திறமை எதுவும் காட்டாத, சலிப்பூட்டும் அளவுக்கு ஒழுங்கான பறத்தல். தைரியசாலிகள் பாதியில் திருப்பி அனுப்பப்படுவதும், சாதுவான ஆசாமிகள் முதல் முயற்சியிலேயே தேறுவதும் இதனால்தான்.

பிறகு 'மேடே'. பந்தயத்தின் நடுவில் இன்ஜின் நின்றுவிட்டால் என்ன செய்வது? உடனே மூக்கைத் தூக்கி மேலே போ, வட்டத்தின் நடுவுக்கு வா, வானொலியில் சொல், ரன்வேயைத் தேர்ந்தெடு. வேகம் உயரமாக மாறும். டி-6-ன் வேகத்துக்கு ஆயிரம் அடி கிடைத்தால் அதிர்ஷ்டம். அங்கிருந்து வெறும் மிதப்பில் இறங்க ஒரு நிமிடம் கூட இருக்காது. முதுகில் கட்டிய பாராசூட்டுக்கும் இந்த உயரம் கிடைத்தால்தான் அர்த்தம். புதுமுகம் இதைத் திரும்பத் திரும்பச் செய்து காட்ட வேண்டும்.

செய்தும் சில நேரம் போதாது. ஸ்டீவ் ஹின்டன் 1978-ல் 'ரெட் பேரன்' என்ற விமானத்தில் ரெனோ சாம்பியன் ஆனபோது வயது இருபதுகளில். மறு வருடம் அதே விமானத்தில் மணிக்கு 499 மைல் என்ற, பிஸ்டன் இன்ஜின் விமானங்களுக்கான உலக வேக சாதனை. அடுத்த மாதமே ரெனோவில், பந்தயக் கோட்டைத் தாண்டிய பிறகு இன்ஜின் கைவிட்டது. எதிரெதிராகச் சுழலும் இரட்டை ப்ரொபெல்லர் தட்டையாகத் திரும்பிக் காற்றை மறித்தது. விமானம் ரன்வேயை எட்டாமலே விழுந்து சிதறியது. முறிந்த எலும்புகளோடு பிழைத்தார். பிற்காலத்தில் பந்தயத்தைத் தொடங்கிவைக்கிற முன்னோடி விமானத்தையே ஓட்டுகிறவராக ஆனார். 2009-ல் அவருடைய மகன் ஸ்டீவன், 22 வயதில், 'ஸ்ட்ரேகா' மஸ்டாங்கில் அன்லிமிடெட் கோப்பையை வென்றார். அந்த வீட்டில் சாப்பாட்டு மேசையில் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று கற்பனை செய்து பார்க்கிறேன்.

'யூ ஹாவ் எ ரேஸ்'

செப்டம்பர். தகுதிச் சுற்றில் ஒவ்வொருவரும் தனியாகச் சுற்றி நேரம் பதிய வேண்டும். அந்த நேரத்தை வைத்துத் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று பிரிப்பார்கள். புதுமுகம் பெரும்பாலும் வெண்கலத்தில், அதிலும் பின்வரிசையில். அதுவே நல்லது. பின்னால் இருப்பவருக்கு எல்லோரும் கண்ணெதிரே இருப்பார்கள்.

ஒவ்வொன்றாக மேலேறி, முன்னோடி விமானத்தின் பக்கவாட்டில் வரிசை கட்டி, மலைப்பக்கமிருந்து சரிந்து இறங்குவார்கள். முன்னோடி விமானி வரிசையை நோட்டமிடுவார். கோணல்மாணலாக இருந்தால் கண்டிப்பார். திருப்தியானால் சட்டென்று மேலே ஏறி விலகியபடி வானொலியில் சொல்வார்: "ஜென்டில்மென், யூ ஹாவ் எ ரேஸ்." ரெனோவின் முதல் காலத்திலேயே இதைப் பிரபலமாக்கியவர் பாப் ஹூவர், 1947-ல் சக் யேகர் ஒலியின் வேகத்தை உடைத்த எக்ஸ்-1 திட்டத்தில் மாற்று விமானியாக இருந்தவர். 'ஜென்டில்மென்' மட்டுமா? மேரி டில்டா போன்ற பெண்கள் இதே டி-6 பிரிவில் முன்வரிசையில் பறந்தார்கள். ஆனாலும் பழைய வாசகத்தைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு எட்டு கிலோமீட்டர் வட்டம், ஐந்தாறு சுற்று. சுற்றுக்கு ஒன்றேகால் நிமிடத்துக்குச் சற்று மேல். காக்பிட்டில் இன்ஜின் வெக்கை, எண்ணெய் வாசம். பாலைவனம் மதியத்தில் கொதித்துக் காற்றை அலையாக மேலே தள்ளும். கைகள் ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். மீட்டர்களைப் பார்க்க நேரமே கிடைக்காது. நேர்ப்பாதையில் ஒரு கண்சிமிட்டல் அளவுக்கு எண்ணெய் அழுத்தம், வெப்பம். உடனே பார்வை வெளியே. கம்பத்தைப் பார்த்துப் பறந்தால் தாமதம்; அடுத்த கம்பத்தைப் பார்த்துப் பறக்க வேண்டும். முதல் வருடக்காரர்கள் தவறவிடுவது பெரும்பாலும் இதைத்தான்: கம்பத்தை ஒட்டித் திரும்ப ஆசைப்பட்டு, தாமதமாகத் திருப்பி, இழுத்துப் பிடித்து, இழுத்ததால் வேகத்தை இழந்து, வெளியே அகன்று போவார்கள். பழைய ஆள் அகலமாக, மென்மையாக, ஒரே சாய்வில் வருவார். பார்த்தால் மெதுவாகப் போகிற மாதிரி இருக்கும். முந்திப் போயிருப்பார்.

சோழவரத்தில் ஒரு காலத்தில் போர்க்கால ரன்வேயில் காரும் பைக்கும் பறந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும். வளைவில் பொறுமை காட்டுகிறவருக்குத்தான் நேர்கோட்டில் வேகம். அங்கே தப்பினால் வைக்கோல் கட்டு இருந்தது.

விமானமும் சொல்பேச்சுக் கேட்க வேண்டும்

ஆள் ஒழுங்காக இருந்தாலும் விமானம் மாறினால்? 1998-ல் மோட்டோகிராஸ் நட்சத்திரம் பாப் ஹானா, 'வூடூ' மஸ்டாங்கை ஓட்டும்போது பின்வாலில் இருக்கும் டிரிம் டேப் என்ற சிறு பலகை பிய்ந்து போனது. விமானம் செங்குத்தாக எகிறியது. ஹானா நினைவிழந்தார். கண் விழித்தபோது ஒன்பதாயிரம் அடி உயரத்தில் இருந்தார். இறக்கிக் கொண்டுவந்துவிட்டார்.

பதின்மூன்று வருடம் கழித்து, 2011 செப்டம்பர் 16-ல், 'கேலப்பிங் கோஸ்ட்' மஸ்டாங்கில் அதே பலகை. ஓட்டியவர் ஜிம்மி லீவர்டு, 74 வயது, பல பத்தாண்டுப் பந்தய அனுபவம். விமானம் எகிறிய வேகத்தில் உடம்பின் மேல் 17 மடங்குக்கு மேல் பாரம் ஏறி ஒரு நொடிக்குள் செயலற்றுப் போனார். விமானம் பார்வையாளர் இருக்கைகளுக்கு முன்னால் விழுந்தது. அவரோடு சேர்த்துப் பதினோரு பேர் இறந்தார்கள். அறுபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். விசாரணையில் வெளிவந்த காரணம்: மறுபடி மறுபடி பயன்படுத்திப் பிடிப்பு விட்டுப்போன பூட்டு நட்டுகள். வேகத்துக்காக உடம்பையே மாற்றியமைத்த விமானங்களைப் பந்தயத்துக்கு முன் முறையாகச் சோதிக்க வேண்டும், விமானிகளுக்கு உயர் பாரத்தைத் தாங்கும் பயிற்சி வேண்டும் என்று விசாரணை வாரியம் பரிந்துரை செய்தது. விற்பனைக்கு வருகிற வண்டியைப் பார்த்து மயங்கி வாங்கிவிட்டு வகுப்புக்கு வருகிற புதுமுகம், முதலில் படிக்க வேண்டியது அந்த அறிக்கையைத்தான் என்பேன்.

2023-ல் ஸ்டெட்டில் கடைசிப் பந்தயம் என்று அறிவித்தார்கள். சுற்றிலும் வீடுகளும் கிடங்குகளும் பெருகிவிட்டன. செப்டம்பர் 17, கடைசி நாள், டி-6 தங்கப் பிரிவு. பந்தயம் முடிந்துவிட்டது. இறங்க வந்த இரண்டு விமானங்கள் ஒன்றோடொன்று மோதின. நிக் மேசி, கிறிஸ் ரஷிங் இருவரும் இறந்தார்கள். மேசி இந்தப் பிரிவில் பலமுறை சாம்பியன். ரஷிங்கும் ஊறிப்போன ஆள். கொடி விழுந்த பிறகு, வேகம் குறைந்த பிறகு, எந்த விமானியும் ஆயிரக்கணக்கான முறை செய்திருக்கிற காரியமான இறங்குதலில் அது நடந்தது.

2025-ல் பந்தயம் நியூமெக்ஸிகோவின் ராஸ்வெல்லுக்குப் போனது. பழைய குண்டுவீச்சு விமானத்தளம்; நீண்ட ரன்வே; ஓரத்தில் ஓய்வுபெற்ற பயணிகள் ஜெட்டுகள் வரிசையாக வெயிலில் நிற்கின்றன. ரெனோவைவிட ஆயிரத்து முந்நூறு அடிக்கு மேல் தாழ்வான இடம், அதனால் காற்று சற்று கெட்டி. இன்ஜினுக்கு நல்லது, இறக்கைக்கு இழுவை அதிகம். சுற்றிலும் தட்டையான நிலம். ரெனோவில் பீவைன் மலையையும், தெரிந்த குன்றுகளையும் அடையாளம் வைத்துத் திருப்பத்தைத் தொடங்கிப் பழகியவர்கள் இங்கே புதிதாகத் தேட வேண்டியிருந்தது. புதுமுகம் பழைய ஆளிடம் போய், 'எதைப் பார்த்துத் திருப்புவீர்கள்?' என்று கேட்டால், அந்த முதல் வருடம் அவரிடமும் தயார் பதில் இருந்திருக்காது.